ஒன்பது படி, இடப்பக்கமாக

2025 டிசம்பர் ஆறாம் தேதி, சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம், வெயிலும் இல்லை மழையும் இல்லை, கோபாலபுரத்தின் மேல் நனைந்த சாக்கைப் போல வானம் தொங்கிக்கொண்டிருக்கிறது... ஆக, இன்னும் ஒரு மணி ஐம்பது நிமிடம், நான்கு மணி என்றால் காப்பகத்திலிருந்து பார்க்க வருகிற அந்தப் பெண் நான்கு மணிக்கே வந்துவிடுவாள், தாமதமாக வருகிற வழக்கம் அவளுக்கு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று, வாழ்நாளில் முதல் தடவையாக இன்னொருவருடைய தாமதத்தை விரும்பியபடி, பேச்சியம்மாள் ஒன்பதாவது படியின் கடைசித் திருகாணியை இறுக்கினாள், இறுக்கியபின் கால் சுற்றுத் தளர்த்தினாள், மறுபடி இறுக்கினாள். ஏன் என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. பரண்மேல் இருப்பது கேட்காது, பார்க்கும். பதினைந்து நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நவம்பர் இருபத்திரண்டாம் தேதி அடையாற்றுக் காப்பகத்திலிருந்து ஒரு கூடையில் வந்த சிட்டு, கூடைக் கதவு திறந்த நான்காவது நொடியில் நாற்காலி, மேசை, பீரோ என்று நான்கே தாவலில் படுக்கையறைப் பரணுக்குப் போயிற்று, போனதுதான், இறங்கவில்லை. மூன்று கால் பூனை, முன்னங்கால்களில் இடது இல்லை, தோளுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சாப்பாடு, தண்ணீர், மணல்தட்டு எல்லாவற்றையும் ஏணி வைத்து மேலே கொண்டுபோய்க் கொடுத்து, ஏணி வைத்துக் கீழே கொண்டுவந்து... இரண்டாம் நாள் கையால் தூக்கி இறக்கப் பார்த்ததற்குச் சான்று வலது மணிக்கட்டில் ஏழு சென்டிமீட்டர் கீறலாக இருக்கிறது, அளந்து பார்த்தாள், அளப்பது பழக்கம். அன்று போனில் காப்பகத்துப் பெண் தாரணி சொன்னது வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது: “தூக்கியெல்லாம் எறக்காதீங்க ஆன்ட்டி, அதுவா வரணும். பயந்துபோய் அங்கேருந்து குதிச்சுதுன்னா மொத்த வெயிட்டும் அந்த ஒத்தக் கால்லதான் விழும், அதுவும் போச்சுன்னா டாக்டரால ஒண்ணும் பண்ண முடியாது. பதினஞ்சு நாள் பாப்போம். தானா எறங்கி ஏறுதுன்னா உங்க வீட்டுலயே இருக்கட்டும். இல்லேன்னா நாங்க திருப்பி எடுத்துக்கறோம்.” எடுத்துக்கொண்டு போய் எங்கே வைப்பார்கள்? கூண்டில்தான், இரண்டடிக்கு மூன்றடி, தரைமட்டம், விழுவதற்கு உயரமே இல்லாத இடம். அதுவும் பாதுகாப்புத்தான், மறுக்க முடியாது, ஓடாத லிஃப்டைவிடப் பாதுகாப்பான லிஃப்ட் இந்த உலகத்தில் இல்லை.

இருபத்தொன்பது ஆண்டுகள் லிஃப்ட் ஆய்வாளர், சென்ற மார்ச்சில் ஓய்வு, குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாம் மாடி, இதைச் சொல்லிச் சிரிக்காத உறவினர் இனிமேல்தான் பிறக்க வேண்டும். அவர்களிடம் அவள் எத்தனையோ முறை சொல்லியும் யாரும் நம்பாத ஒன்று உண்டு: ஆளில்லாத லிஃப்டின் பிரேக் விட்டுப்போனால் அது கீழே விழாது, மேலே போகும். மறுமுனையில் தொங்கும் எதிர்எடை காலிப் பெட்டியைவிடக் கனமானது, கயிறு கனமான பக்கத்துக்குத்தான் பணியும். ஆனால் மனிதர்கள் விழுவதற்கு மட்டுமே பயப்படுவார்கள்... பயம் இருக்கிற உடம்பும் மேலேதான் போகும் போலிருக்கிறது, இந்தப் பூனை போனதைப் போல, எதுவோ ஒன்று அதன் கயிற்றை மறுமுனையில் பிடித்து இழுத்ததைப் போல. சரி, போனது போயிற்று, வருவதற்கு வழி வேண்டும், வழி என்றால் அது கட்ட வேண்டிய ஒன்று, கட்ட வேண்டும் என்றால் முதலில் வரைய வேண்டும். மூன்றாம் நாள் காலையில் வரைபடத்தாளின் மூலையில் ‘பூனை ஏறுமரம், அளவு 1:10’ என்று எழுதியபோது மனத்தில் இருந்த நிம்மதியை நினைத்தால் இப்போது கூசுகிறது. ஏறுமரம்! ஏறத் தெரியாமலா அது அங்கே உட்கார்ந்திருக்கிறது? பரண் இருநூற்றுப் பதின்மூன்று சென்டிமீட்டர் உயரம், ஐந்தால் வகுத்தால் நாற்பத்திரண்டு புள்ளி ஆறு, பூனை தன் உயரத்தைப் போல ஐந்து மடங்கு தாவும் என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது, ஆகவே நான்கு தட்டுகள் தாராளம். அடிப்பலகை இரண்டு, இரண்டுக்கும் நடுவே பழைய சமையல்மேடையிலிருந்து எடுத்த கடப்பைக் கல், நடுவில் நாலுக்கு நாலு வேங்கைக் கம்பம், உச்சியில் சுவரோடு பிணைக்க இரும்பு ஆங்கிள், கம்பம் முழுவதும் அறுபது மீட்டர் கத்தாழை நார்க்கயிறு, ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே தாள் நுழையாமல் சுத்தியலால் தட்டித் தட்டிச் சுற்றியது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தாள், தலையிலிருந்து அடிவரை அரை மில்லிமீட்டர் சாய்வு, அந்த அரை மில்லிமீட்டர் அவளை ஓர் இரவு தூங்கவிடவில்லை. பூனையின் எடை மூன்று கிலோ இருநூறு கிராம். ஒவ்வொரு தட்டிலும் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை ஏற்றி ஒரு நாள் முழுக்க வைத்தாள். அரிசி மூட்டை கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. பூனை விளிம்புக்கு வந்தது, முதல் தட்டைப் பார்த்தது, வலது பாதத்தை நீட்டிக் காற்றைத் தொட்டது, எடுத்துக்கொண்டது. மறுநாளும் நீட்டியது, எடுத்துக்கொண்டது. அதற்கு மறுநாள் நீட்டவும் இல்லை.

பத்தாம் நாள்தான் தம்பியின் போன் வந்தது, தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற வெள்ளைத்துரை, கார்த்திகை முகூர்த்தக் கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே, “யக்கா, பூனைக்கு மாடி கட்டுதியாம்லா? கிரகப்பிரவேசம் என்னைக்குன்னு சொல்லு, பட்டுத்துண்டு ஒண்ணு எடுத்து வைக்கேன்.” அவள் பதில் சொல்வதற்குள், “மொதல்ல ஒம் முட்டிக்கு ஒரு லிஃப்டு உள்ள வீடாப் பாரு, ஏறதுக்கு ஒண்ணுமில்ல, எறங்கையில மொனங்குத பாரு, அது எனக்கு இங்க வரைக்கும் கேக்கு.” வைத்துவிட்டான். கையில் காலிப் பையோடு, கறிகாய்க்குப் போவதற்காக மாடிப்படியில் முதல் படி இறங்கி, இரண்டாம் படிக்குக் காலை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். ஆமாம், முனகினாள். இரண்டு ஆண்டுகளாக முனகிக்கொண்டிருக்கிறாள், ஏறும்போது வலி இல்லை, இறங்கும்போது ஒவ்வொரு படியும் முட்டியில் வந்து தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறது. ஏறுவது வேறு உடம்பு, இறங்குவது வேறு உடம்பு. பூனை ஏறுவது பின்னங்கால்களால், அவை இரண்டும் அப்படியே இருக்கின்றன, இறங்குவது முன்னங்கால்களால், அவற்றில் மிச்சம் ஒன்று. நாற்பத்திரண்டு சென்டிமீட்டரிலிருந்து மூன்றே கால் கிலோ ஒற்றைப் பாதத்தில் போய் இறங்கும் அடியை அவள் கணக்கிடவில்லை, அரிசி மூட்டை அதைக் கேட்கவில்லை, அரிசி மூட்டை எங்கேயும் இறங்குவதில்லை. இதைக்கூடவா யோசிக்காமல்... பாதியாக்க வேண்டும், பத்துப் பள்ளம், ஒன்பது படி, இருந்த நான்கோடு இன்னும் ஐந்து.

ஈக்காட்டுத்தாங்கலில் பலகை அறுத்துத் தருகிற மெஹபூப் அலி வரைபடத்தை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். “இன்னா மேடம், மறுபடியும் அஞ்சா? பூனைய குடி வெக்கிறீங்களா, இல்ல மாடிமாடியா வாடகைக்கு வுடப் போறீங்களா?” அறுக்கிற இயந்திரத்தைப் போடாமல் அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, “ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. அதுக்கு எந்தப் பக்கம் மேடம் கால் இல்ல?” இடது என்றாள். “லெஃப்டா? அப்ப இது இன்னாத்துக்கு இப்படிச் சுத்திக்கினு போவுது? எறங்கசொல்லோ கம்பம் அதுக்கு ரைட்ல கீது. லெஃப்ட்ல ஒண்ணுமே இல்ல, வெறும் காத்து. நம்ம பட்டறையில பாலிஷ் போடற அப்துல் சமத் பாய்க்கு லெஃப்ட் கை கெடையாது. பஸ்ல எப்படி நிப்பாரு தெரியுமா? இல்லாத பக்கத்தக் கம்பிக்குக் குடுத்துடுவாரு, இருக்கிற கைய ஃப்ரீயா வெச்சுக்குவாரு.” பேச்சியம்மாள் தாளைத் தன் பக்கம் திருப்பினாள். பரணிலிருந்து தொடங்கி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, எல்லாம் வலமாக, கம்பத்தை வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்றிக்கொண்டு இறங்கின. யார் அப்படி வரையச் சொன்னது? எந்தப் புத்தகம்? ஒன்றும் இல்லை, எந்தக் கோயிலுக்குள் போனாலும் கால் தானாகத் திரும்புகிற பக்கம், மயிலாப்பூரில் சனிக்கிழமைதோறும் பிராகாரத்தில் நடந்த நடையைப் பென்சிலும் நடந்திருக்கிறது, அவ்வளவுதான். அரை மில்லிமீட்டருக்குத் தூக்கத்தை விட்டவள், ஒரு திசையை, முழுத் திசையை, முடிவு என்றே தெரியாமல் முடிவு செய்திருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மெஹபூப் அலி சிரித்தார். “வுடுங்க மேடம், மக்காவுல நாங்க சுத்தறது அந்தப் பக்கந்தான். உங்க பூனை நம்ம ஆளு போல.” சிரிப்பதா வேண்டாமா என்று அவள் தீர்மானிப்பதற்குள் ரம்பம் ஓட ஆரம்பித்துவிட்டது.

இரண்டு மணி முப்பத்தொரு நிமிடம். பழைய நான்கையும் கழற்றி, புதிய ஐந்தோடு சேர்த்து, இடப்பக்கமாகத் திருப்பி மாட்டியாகிவிட்டது, ஒவ்வொரு படியிலும் தேங்காய்நார் விரிப்பு, ரசமட்டத்தின் குமிழ் ஒன்பது முறையும் நடுவில் நின்றது. திருப்புளியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள், குறிப்பேடு மடியில், பென்சில் கையில், கைப்பேசி பக்கத்தில். இனி அவள் செய்வதற்கு ஒன்றும் இல்லை, இதைப் போலக் கொடுமையான வாக்கியம் இருக்கிறதா? கீழே தெருவில் இளநீர் வண்டிக்காரர் யாரையோ ஓரம் போகச் சொல்கிறார்... பரணில் இரண்டு காதுகள். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் அந்த லிஃப்ட் குழி நினைவில் வருகிறது, வரட்டும். ஜூலை மாதம், தேனாம்பேட்டையில் ஓர் அலுவலகக் கட்டடம், ஓய்வுபெற்றவர் என்றாலும் வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார்கள், லிஃப்ட் கீழ்த்தளத்தில் சத்தம் போடுகிறதாம். சத்தம் லிஃப்டுடையது அல்ல. நிறுத்தச் சொல்லிவிட்டுக் குழிக்குள் டார்ச்சோடு இறங்கியவள் அவள்தான், இரும்புச் சட்டத்துக்கு நடுவே மாட்டியிருந்த ஒரு கை அகலக் குட்டியைக் கைக்குட்டையில் எடுத்தவளும் அவள்தான். குழியின் சல்லடைக் கதவுக்கும் தரைக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே இடைவெளியை அளந்து, வரம்புக்குள் உள்ளது என்று எழுதிக் கையெழுத்திட்டவள் யார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. பொய் எழுதவில்லை, அது வரம்புக்குள்தான் இருந்தது. வரம்பு மனிதக் கால்களுக்காக வகுத்தது. குட்டி பிழைத்ததா என்று காப்பகத்துக்கு வாரம் ஒருமுறை போன் செய்தாள், பிறகு இருமுறை, ஐந்தாம் மாதம், நானே வைத்துக்கொள்கிறேன் என்று தன் குரல் சொல்வதைக் கேட்டாள்.

இரண்டு ஐம்பத்து மூன்று. குறிப்பேட்டில் நேரத்தை எழுதினாள், ஏனென்றால் பாதம் வெளியே வந்திருந்தது. வலது பாதம், முதல் படியின் விரிப்பைத் தொட்டது, அழுத்தியது, எடுக்கவில்லை... மீசைமுடிகள் எல்லாம் முன்னால் வளைந்து படியின் விளிம்பைத் தடவின, அவை அளக்கின்றன, அவள் அறுபது ஆண்டுகளில் கையாண்ட எந்த அளவுகோலையும்விட மெல்லிய அளவுகோல்கள், இருபத்துநான்கு ஒரே சமயத்தில். பிறகு தோள் இறங்கியது. இல்லாத காலின் தோள், தைத்து ஆறிய இடத்தில் முடி சுழித்துக்கொண்டிருந்த அந்தத் தோள், கயிறு சுற்றிய கம்பத்தின்மேல் போய்ச் சாய்ந்தது, யாரும் சொல்லிக்கொடுக்காமல், அங்கே கம்பம் இருக்கும் என்று முன்பே தெரிந்ததைப் போல, எடை முழுவதும் கம்பத்துக்குப் போக, பாதம் லேசாயிற்று. பின்னங்கால்கள் இன்னும் பரணில். விடவில்லை. முன்னால் பிடி கிடைத்தது உறுதியாகும்வரை பின்னால் பிடியை விடுவதில்லை, ஒன்று பற்றியபிறகே ஒன்று விடும், இந்த ஒரு வாக்கியத்தை இரும்பில் செய்வதற்குத்தானே எத்தனையோ லிஃப்ட் பொறியாளர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் மண்டையை உடைத்துக்கொண்டார்கள், இங்கே அது ரோமத்துக்குள், சத்தமில்லாமல்... வால் வலப்பக்கம் நீண்டது, எதிர்எடை, கயிறு இல்லாத எதிர்எடை, ஒவ்வொரு கணமும் தன் எடையைத் தானே திருத்திக்கொள்கிற எதிர்எடை. இரண்டாவது படி. மூன்றாவது. நான்காவதில் பின்னங்கால் ஒன்று விளிம்பைத் தாண்டி வழுக்கியது, பேச்சியம்மாள் எழவில்லை, எழ முடியவில்லை, கையிலிருந்த பென்சில் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, பூனையோ அந்தக் காலை எடுத்து, ஒன்றும் நடக்காததைப் போல இன்னும் இரண்டு விரற்கடை உள்ளே வைத்தது. ஐந்தாவது படியில் உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்திருந்த அவளுடைய கண்ணுக்கும் அதன் கண்ணுக்கும் ஒரே உயரம். பச்சை இல்லை மஞ்சள் இல்லை, மழைக்கு முந்திய வெளிச்சத்தில் நடுவே ஒரு கருங்கோடு, அந்தக் கோடு மெல்ல அகன்றது. எவ்வளவு நேரம்? அளக்கவில்லை. அது அவளை ஆய்வு செய்கிறது என்று மட்டும் புரிந்தது, சுமை தாங்குமா, சாயுமா, பிடி கொடுக்குமா... அவள் மூச்சை மட்டும் ஒரே சீராக வைத்துக்கொண்டாள். பிறகு ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று அது தண்ணீர் இறங்குவதைப் போல இறங்கியது, மொசைக் தரையில் பாதம் பட்ட ஓசைகூட இல்லை. மூன்று காலில் நொண்டும் என்று எதிர்பார்த்திருந்தாள். நொண்டவில்லை, அதன் நடைக்கு வேறு தாளம் இருந்தது, அவ்வளவுதான், நான்கில் ஒன்று குறைந்த தாளம் அல்ல, மூன்றாகவே பிறந்த தாளம். கட்டிலடியில் நுழைந்து, அலமாரிக்குப் பின்னால் போய், ஜன்னலோரக் கிண்ணத்தில் தண்ணீரைப் பதினோரு முறை நக்கிவிட்டு, திரும்பி வந்து, ஒன்பது படிகளில் மூன்றை மட்டும் மதித்து நான்கே தாவலில் மறுபடி பரணுக்குப் போய்விட்டது. மற்ற ஆறையும் ஏறும்போது தொடவே இல்லை.

அப்போதுதான் பக்கத்தில் கிடந்த கைப்பேசி கண்ணில் பட்டது. படம் எடுக்கவில்லை. குறிப்பேட்டில் ‘2.53’ என்பதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. எத்தனை ஆயிரம் சோதனை, பெருக்கல் பிழைகூட இல்லாத எத்தனை படிவம், அத்தனையிலும் ஒரு தடவைகூடப் பார்த்ததை எழுதாமல் விட்டதில்லை, இன்று வெறுமனே பார்த்திருக்கிறாள், வாயைத் திறந்துகொண்டுகூட இருந்திருக்கலாம், சாட்சி இல்லை. சரி, இன்னொரு முறை வரும், நான்கு மணிக்குள் வரும் என்று ஒரு மணி நேரம் காத்திருந்தாள். வரவில்லை. அழைப்பு மணி நான்கு மணிக்கு அடித்தது, நான்கு மணி பூச்சியம் நிமிடம்.

“ஹாய் ஆன்ட்டி! அய்யோ, என்ன இது, ராக்கெட்டா?” தாரணி ஈரக்குடையை வாசலிலேயே விரித்து வைத்துவிட்டு, படிவம் செருகிய அட்டையோடு உள்ளே வந்து, பரணைப் பார்த்தாள். பரண் அவளைப் பார்த்தது. “எறங்குச்சா?” இறங்கிற்று என்று பேச்சியம்மாள் சொன்னாள், இரண்டு ஐம்பத்து மூன்றுக்கு, ஒன்பது படியும், ஒருமுறை. “சூப்பர்! வீடியோ காட்டுங்க.” எடுக்கவில்லை. “போட்டோ?” இல்லை. “நீங்களா ஆன்ட்டி? கூடை எத்தன கிராம்னு கேட்டவங்க நீங்க.” தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்த தாரணி, பையிலிருந்து கருவாட்டுத் துண்டு ஒன்றை எடுத்துக் கடைசிப் படியில் வைத்தாள், நாக்கைத் தட்டிக் கூப்பிட்டாள், மூன்றாவது படியில் விரலால் பிராண்டிக் காட்டினாள். சிட்டு கண்ணை மூடிக்கொண்டது. முக்கால் மணி ஆயிற்று. மழை மறுபடி வந்து, ஜன்னல் கம்பியில் கொஞ்ச நேரம் வேலை பார்த்துவிட்டுப் போயிற்று. தாரணி மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். “ரூல் என்னன்னா ஆன்ட்டி, நான் கண்ணால பாக்கணும். உங்களுக்கே தெரியும்.” தெரியும், தெரியாதா, மின்விசிறி ஓடுகிறது என்று யாராவது சொன்னால்கூட எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவாள்... கெஞ்சலாம். கெஞ்சுவதற்கு ஒரு வாக்கியம்கூடத் தொண்டைவரை வந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு: “உன் எடத்துல நான் இருந்தா கையெழுத்துப் போட மாட்டேன்மா.” தாரணி நிமிர்ந்து பார்த்தாள், சிரிக்கப் போகிறவள் மாதிரி இருந்து, சிரிக்காமல், பேனாவின் மூடியைப் பல்லில் கடித்தபடி மரத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தாள், கம்பத்தைப் பிடித்துத் தன் முழுப் பலத்தோடு ஒரு முறை உலுக்கினாள், அசையவில்லை, பிறகு விரலால் காற்றில் ஒரு சுற்றுப் போட்டாள். “ஏன் ஆன்ட்டி இந்தப் பக்கமா சுத்துது? கடையில வாங்கறது எதுவும் இப்படி இருக்காதே.” பேச்சியம்மாள் சொன்னாள், அதுக்கு இடது கால் இல்லையேம்மா, எறங்கும்போது அந்தத் தோள் சாய ஒரு எடம் வேணும், மொதல்ல தப்பாத்தான் வெச்சேன், பிறகு மாத்தினேன், மாத்தின அன்னைக்குத்தான் வந்துது. அந்தத் தோள் கயிற்றில் பட்டதைச் சொல்ல வந்தவள், தன் இடது தோளைச் சற்றே சாய்த்துக் காட்டினாள், காட்டிய பிறகு வெட்கமாக இருந்தது.

தாரணி எழுந்தாள். கம்பத்தில், முதல் படிக்கு அருகே கயிற்றை நெருங்கிப் பார்த்தாள். நார்களுக்கு நடுவே நான்கைந்து சாம்பல் முடிகள் தோளின் உயரத்துக்குச் சரியாக ஒட்டிக்கொண்டிருந்தன, இரண்டாவது படிக்கு அருகே இன்னும் சில, அதற்கும் கீழே, இடப்பக்கமாக, சுற்றிச் சுற்றி, ஒன்பது வரை. எப்படிப் பார்க்காமல் விட்டாள் பேச்சியம்மாள்? ஒரு மணி நேரம் பரணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் கம்பத்தை ஒரு முறைகூடப் பார்க்கவில்லையே... தாரணி கட்டிலின் ஓரத்தில் அட்டையை வைத்துக் குனிந்து எழுதினாள், ஒரு கட்டத்தில் குறி, அதற்குக் கீழே ஒரு வரி, அதற்குக் கீழே வேகமான, படிக்க முடியாத ஒரு கையெழுத்து, “இன்னொரு காப்பி ஆபீஸுக்கு, இது உங்களுக்கு” என்று தாளைக் கிழித்து நீட்டினாள். நீட்டும்போதே குறி எந்தக் கட்டத்தில் என்று தெரிந்துவிட்டது, பூனை இங்கேயே இருக்கலாம் என்ற கட்டத்தில். கையை நீட்டினாள் பேச்சியம்மாள். தாளின் ஒரு முனை அந்தப் பெண்ணின் விரல்களிலும் மறுமுனை இவள் விரல்களிலும் இருந்த அந்த நொடியில், எத்தனை ஆயிரம் தாள்களை இப்படி நீட்டியிருப்போம், வாங்கிக்கொண்டவர்கள் அடுத்த கணம் முகத்தை எப்படி வைத்துக்கொண்டார்கள் என்று யோசித்துப் பார்த்தாள், ஒரு முகம்கூட நினைவுக்கு வரவில்லை, அதற்குள் அடுத்த கட்டடத்துக்கு நேரமாகிவிட்டதா என்று கைக்கடிகாரத்தைத்தான் பார்த்திருக்கிறாள் போலும்... இப்போது தன் முகம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. தாரணி தாளை விட்டாள்.